ஆக்சஸ், பேஸ், எஸ்க்யூலைட்: தரவுத்தளம் பழக எதில் தொடங்குவது?

எக்செல் ஷீட்டில் ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகி, அவருடைய போன் எண் மாறும்போது நாற்பது வரிகளைத் தேடித் திருத்த வேண்டியிருந்தால், தரவுத்தளத்துக்கு மாறும் காலம் வந்துவிட்டது. அங்கேதான் பலர் தயங்கி நிற்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸா, லிப்ரேஆபிஸ் பேஸா, எஸ்க்யூலைட்டா? கேட்கும் ஆளைப் பொறுத்து ஆளுக்கொரு பதில் வருகிறது. கணக்கர் ஆக்சஸ் என்பார், புரோகிராமர் எஸ்க்யூலைட் என்பார், லினக்ஸ் பயன்படுத்துபவர் பேஸ் என்பார்.

குழப்பத்துக்கு முதல் காரணம், இந்த மூன்றும் ஒரே வகைப் பொருள்கள் இல்லை. தரவைச் சேமித்துத் தேடித் தரும் எஞ்சினும், அதன்மேல் ஃபார்ம் (பதிவு போடும் திரை), ரிப்போர்ட் (அச்சிடும் அறிக்கை) வரையும் கருவியும் சேர்ந்த பொட்டலம் ஆக்சஸ். பேஸும் அப்படித்தான், ஆனால் அதன் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எஸ்க்யூலைட் வெறும் எஞ்சின். அதைத் திறந்து பார்க்க டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டும் சர்வர் வகை, அதாவது ஒரு கணினியில் ஓடிக்கொண்டே மற்ற கணினிகளுக்குத் தரவு தருபவை என்பதால் இங்கே ஓரமாகத்தான் வரும். ஃபைல்மேக்கர் நல்ல மென்பொருள், ஆனால் பழகுவதற்காக மட்டும் அந்த உரிமக் கட்டணத்தைக் கட்டச் சொல்ல மனம் வரவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஒரே பயிற்சியை மூன்றிலும் செய்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கல்யாணத்துக்குப் பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் கடையை எடுத்துக்கொள்வோம். ஐந்து டேபிள் போதும்:

- வாடிக்கையாளர்: எண், பெயர், ஊர், போன்
- பொருள்: எண், பெயர், மொத்த இருப்பு, நாள் வாடகை
- சீட்டு: எண், வாடிக்கையாளர் எண், தேதி
- சீட்டு வரி: வரி எண், சீட்டு எண், பொருள் எண், எண்ணிக்கை, அன்றைய வாடகை
- திரும்பியவை: எண், வரி எண், தேதி, எண்ணிக்கை

வாடகை ஏற்கெனவே பொருள் டேபிளில் இருக்கும்போது சீட்டு வரியிலும் எதற்கு? அடுத்த மாதம் நாற்காலி வாடகையை உயர்த்தினால் பழைய சீட்டுகளின் தொகையும் சேர்ந்து மாறிவிடக் கூடாது, அதற்காகத்தான். திரும்பியவை தனி டேபிளாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 200 தட்டு எடுத்துப் போனவர் மறுநாள் 150, அதற்கடுத்த நாள் 46 என்று கொண்டுவருவார், 4 காணாமல் போயிருக்கும். ஒரே கட்டத்தில் இதை எழுத முடியாது.

இந்தக் கடைக்காரர் தினமும் கேட்கும் கேள்வி, “இப்போது கடையில் எத்தனை தட்டு மிச்சம்?” பழகுபவர் தடுமாறும் இடமும் இதுதான். சீட்டு வரியையும் திரும்பியவையையும் நேரடியாக இணைத்துக் கூட்டினால், அந்த 200 தட்டு வரிக்கு இரண்டு திரும்பல் பதிவுகள் இருப்பதால் 200 இரண்டு தடவை எண்ணப்பட்டு 400 ஆகிவிடும். எந்த மென்பொருளும் பிழைச் செய்தி காட்டாது. வரிவாரியாகத் திரும்பியதை முதலில் தனியே கூட்டி, அந்த விடையைத்தான் சீட்டு வரியோடு இணைக்க வேண்டும். அதுவும் லெஃப்ட் ஜாயினாக, அதாவது மறுபக்கம் பொருத்தமான பதிவு இல்லாத வரியையும் விடாமல், இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஒன்றுமே திரும்பாத சீட்டுகள் கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

ஆக, நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை: இந்தக் கேள்விக்கு விடை எடுக்க மென்பொருள் எவ்வளவு உதவுகிறது, சீட்டு போடும் ஃபார்ம் எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது, தப்பான தரவை அது தடுக்கிறதா, இன்னொரு ஆளும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா, இரண்டு வருடம் கழித்து வேறிடம் போக நினைத்தால் எதையெல்லாம் எடுத்துப்போகலாம். விலை கடைசியில் வருகிறது. மூன்றிலும் பெரிய செலவு உங்கள் நேரம்தான்.

## மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்

1992இல் வந்தது, இன்றும் ஃபார்ம் வரைவதில் இதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. ஐந்து டேபிளையும் போட்டு, ரிலேஷன்ஷிப்ஸ் திரையில் கோடு இழுத்து இணைத்து, ஃபார்ம் விசார்டை (படிப்படியாகக் கேட்டு வரைந்து தரும் கருவியை) ஓட்டினால், மேலே சீட்டும் கீழே அதன் வரிகளுமாக ஃபார்ம் ஒரே நாளில் வந்துவிடும். கோடு இழுக்கும்போது ‘என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி’ என்ற கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இல்லாத வாடிக்கையாளருக்குச் சீட்டுப் போடவிடாமல் தடுப்பது அதுதான். அதன் கீழே இருக்கும் ‘கேஸ்கேட் டெலிட்’ கட்டத்தைத் தொடாதீர்கள். ஒரு வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய சீட்டுகள் அத்தனையும் சேர்ந்து போய்விடும்.

மிச்சத் தட்டுக் கணக்குக்கு ஆக்சஸின் வழி இலகுவானது. திரும்பியதைக் கூட்டும் க்வெரியை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) ஒரு பெயரில் சேமித்துவிட்டு, இரண்டாவது க்வெரியில் அதை ஒரு டேபிளைப் போல இழுத்துப் போடலாம். வெற்றாக இருப்பதைப் பூஜ்யமாக்க ‘என்இசட்’ என்ற ஃபங்ஷன் உண்டு. பிற தரவுத்தளங்களில் எல்லாம் இதே வேலைக்குக் கிடைக்கும் ‘கோயலெஸ்’ இங்கே கிடையாது. தேடலில் ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்று காட்ட மற்றவர்கள் % போடும் இடத்தில் ஆக்சஸ் வழக்கமாக * கேட்கும். ஆக்சஸில் பழகிய எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) வெளியே போகும்போது இப்படிச் சின்னச் சின்னதாய் இடறும்.

நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி விழும் குழி தேதி. க்வெரி டிசைன் கட்டத்தில் 04/06/2025 என்று போட்டால், விண்டோஸில் இந்திய அமைப்பு இருக்கும்வரை அது ஜூன் 4. அதையே எஸ்க்யூஎல் வியூவில் # குறிகளுக்கு நடுவே எழுதினால் அமெரிக்க முறைப்படி ஏப்ரல் 6 ஆகிவிடும். 13/06 என்று போட்டாலோ, பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் ஜூன் 13 என்றே சரியாக எடுத்துக்கொள்ளும். அதனால் மாதப் பின்பாதியில் சோதித்துப் பார்த்தவருக்குப் பிழை கண்ணில் படாது, முதல் பன்னிரண்டு நாட்களின் கணக்கு மட்டும் தப்பும். #2025-06-04# என்று ஆண்டை முதலில் எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

இன்னொரு குழி லுக்அப் விசார்ட். டேபிளுக்குள்ளேயே வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் காட்டும், பார்க்க வசதியாக இருக்கும். உள்ளே இருப்பது எண்தான். பெயரைக் கொடுத்துத் தேடினால் ‘டேட்டா டைப் மிஸ்மேட்ச்’ என்று நிற்கும், பழகுபவருக்கு ஏன் என்று புரியாது. டேபிளில் எண்ணை எண்ணாகவே விட்டுவிட்டு, பெயர் காட்டும் காம்போ பாக்ஸை (கீழே விரியும் பட்டியலை) ஃபார்மில் வையுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். புது லேப்டாப்போடு வரும் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் ஆபிஸில் ஆக்சஸ் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல், ஃபேமிலி, பிசினஸ் ஸ்டாண்டர்ட் திட்டங்களில் உண்டு, பிசினஸ் பேசிக்கில் இல்லை. மேக் கணினியில் ஓடாது, பிரவுசரிலும் ஓடாது. மற்ற ஊழியர்களின் கணினிக்கு இலவச ஆக்சஸ் ரன்டைம் போதும். அதில் சீட்டுப் போடலாம், ஃபார்மை மாற்றி வரைய முடியாது.

ஒரு கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. சீட்டு விவரம் மட்டும் என்றால் அந்த அளவைத் தொடவே வருடக்கணக்காகும். பொருளின் போட்டோவை உள்ளேயே வைத்தால் சீக்கிரம் வீங்கும், ஆகவே போட்டோவை ஃபோல்டரில் வைத்து அதன் முகவரியை மட்டும் டேபிளில் எழுதுங்கள். இரண்டு பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் கோப்பை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். டேபிள்கள் மட்டும் உள்ள கோப்பு பொதுக் கணினியில் இருக்கட்டும், ஃபார்ம், க்வெரி உள்ள கோப்பு ஆளுக்கொரு பிரதியாக அவரவர் கணினியில் இருக்கட்டும். வைஃபையில் இணைப்பு நடுவில் அறுந்தால் கோப்பு பழுதாகும் என்பதால் கேபிள் இழுப்பது நல்லது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைத்து இருவர் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது.

## லிப்ரேஆபிஸ் பேஸ்

லிப்ரேஆபிஸின் முன்னோடியான ஓபன்ஆபிஸின் 2.0 பதிப்பு வந்த 2005இல் அறிமுகமான மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். ஃபார்ம் விசார்ட், சப்ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் உண்டு. ஆக்சஸில் ஒரு நாள் பிடிக்கும் ஃபார்முக்கு இங்கே மூன்று நாள் ஒதுக்குங்கள். விசார்ட் தரும் ஃபார்ம் கட்டங்களை நகர்த்தவும், ஃபார்ம் நேவிகேட்டரில் எது எதற்குள் இருக்கிறது என்று புரிந்துகொள்ளவும் அந்த நேரம் தேவைப்படும்.

பேஸின் உள்ளே வரும் எஞ்சின் எச்எஸ்க்யூஎல்டிபி 1.8. பழைய பதிப்பு, ஜாவா இல்லாமல் ஓடாது. லிப்ரேஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும். பேஸைத் திறந்ததும் ஜாவா இல்லை என்று செய்தி வந்தால், பலமுறை காரணம் இந்தப் பொருத்தமின்மைதான். சில லினக்ஸ் வகைகளில் பேஸ் தனிப் பொதியாக இருக்கும், தேடி நிறுவ வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பேஸ் கோப்பு என்பது ஒரு ஜிப் கோப்பு, தரவு அதற்குள் சுருட்டி வைக்கப்படுகிறது. ஃபார்மில் ஒரு பதிவைச் சேமித்தால் அது இன்னும் கோப்புக்குள் போய்ச் சேரவில்லை. முதன்மைத் திரைக்கு வந்து கோப்பையும் சேமித்தால்தான் போகும். இடையில் மின்சாரம் போனால் அன்று போட்ட சீட்டுகள் போகலாம். பத்துப் பதிவுக்கு ஒருமுறை கோப்பைச் சேமிக்கும் பழக்கம் வேண்டும், பழகிவிட்டாலும் கடைப் பணக் கணக்கை இந்த உள் எஞ்சினில் வைக்க நான் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பழகும்போது இடறும் மற்ற இடங்கள்: பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் எண்) வைக்காத டேபிளில் பதிவு சேர்க்கவே விடாது, திரை உறைந்ததுபோல் இருக்கும். இரு டேபிள்களை இணைக்கும்போது இரு பக்கமும் ஒரே தரவு வகையாக இருக்க வேண்டும். எஸ்க்யூஎல் எழுதும்போது மேற்கோள் குறி போடாத பெயரை எஞ்சின் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும், சிறிய எழுத்தில் பெயரிட்ட டேபிள் ‘இல்லை’ என்று வரும். பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்து ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

பேஸின் உண்மையான பலம் வெளியே இருக்கும் எஞ்சினோடு சேர்வது. மரியாடிபி அல்லது போஸ்ட்கிரஸ் என்ற சர்வர் எஞ்சினை ஒரு கணினியில் நிறுவி, பேஸை அதன் ஃபார்ம் கருவியாக வைத்துக்கொண்டால், பலர் சேர்ந்து சீட்டுப் போடலாம், மின்தடை பயமும் குறையும். நிறுவுவதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போகும். பேஸைத் தேர்ந்தெடுப்பவர் அந்த ஒரு நாளைச் செலவிடுவது நல்லது.

## எஸ்க்யூலைட், டிபி பிரவுசரோடு

2000இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது, உரிமம் எதுவும் தேவையில்லாத பொதுச்சொத்து. உங்கள் கைபேசிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானோடு சேர்த்துப் படிப்பதும் இதைத்தான், எனவே மாணவருக்கு இரட்டைப் பயன்.

ஃபார்ம் கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. எல்லாக் கேள்வியையும் எஸ்க்யூஎல்லில் எழுத வேண்டும். பழகுபவருக்கு இதுவே லாபம் என்பது என் கருத்து. மிச்சத் தட்டுக் கணக்கை இங்கே ‘வித்’ என்று தொடங்கி, திரும்பியதைக் கூட்டும் பகுதியை மேலேயும் இணைக்கும் பகுதியைக் கீழேயும் ஒரே கட்டளையாக எழுதலாம். ஆக்சஸிலும் பேஸின் உள் எஞ்சினிலும் ‘வித்’ இல்லை. இங்கே எழுதிப் பழகிய கட்டளை போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லின் 8.0 பதிப்பிலும் ஏறக்குறைய அப்படியே ஓடும்.

தரவைத் தடுப்பதில்தான் எஸ்க்யூலைட் தளர்ச்சியானது. எண்ணிக்கைப் புலத்தை இன்டிஜர் என்று அறிவித்தாலும் ‘இருநூறு’ என்று எழுத்தில் போட்டால் ஏற்றுக்கொள்ளும். எக்செல்லிலிருந்து ‘1,500’ என்று கமாவோடு வந்த தொகை எழுத்தாகவே உட்கார்ந்து, கூட்டுத்தொகை சத்தமில்லாமல் தப்பும். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல் டேபிளை உருவாக்கும்போதே ‘ஸ்ட்ரிக்ட்’ என்று சேர்த்தால் இது நிற்கும். பழகுபவர் எப்போதும் சேர்க்க வேண்டும். ஃபாரின் கீ சரிபார்ப்பும் (சீட்டில் உள்ள வாடிக்கையாளர் எண் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) எஸ்க்யூலைட்டில் வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் ‘பிராக்மா’ கட்டளையால் இயக்க வேண்டும். டிபி பிரவுசரில் எடிட் பிராக்மாஸ் பக்கத்தில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கே இயங்கினாலும், நீங்கள் எழுதும் பைத்தான் நிரலில் தனியே இயக்க வேண்டும்.

தேதிக்கென்று தனி வகை இல்லை. 2025-06-04 என்ற வடிவில் எழுத்தாக வையுங்கள். 04-06-2025 என்று வைத்தால் எழுத்து வரிசைப்படி எல்லா மாதங்களின் 4ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும்.

டிபி பிரவுசரில் மாற்றம் செய்தபின் ‘ரைட் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்தாவிட்டால் எதுவும் கோப்பில் பதியாது. அழுத்தாமல் விட்டால் வேறு நிரல் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்று திணறும். மறுபுறம், பக்கத்திலேயே இருக்கும் ‘ரிவர்ட் சேஞ்சஸ்’ பழகுபவருக்குப் பெரிய துணை. நிபந்தனை மறந்து முழு டேபிளையும் அழித்துவிட்டாலும் பதிவதற்கு முன் மீட்டுவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு இதில் ஒன்றுதான், ஆனால் பெரியது. கடையில் உட்கார்ந்திருப்பவர் சீட்டுப் போட ஒரு திரை வேண்டும், அதை நீங்கள் நிரலாக எழுத வேண்டும். நிரல் தெரியாதவருக்கு அது மாதக்கணக்கு வேலை. நெட்வொர்க் டிரைவில் வைத்துப் பலர் எழுதுவதற்கும் இது ஏற்றதல்ல.

## பக்கத்தில் பக்கமாக

| | ஆக்சஸ் | பேஸ் (உள் எஞ்சினோடு) | எஸ்க்யூலைட் |
|---|---|---|---|
| இயங்கும் இடம் | விண்டோஸ் மட்டும் | விண்டோஸ், மேக், லினக்ஸ் | எல்லாவற்றிலும் |
| பணச் செலவு | உரிமம் அல்லது சந்தா | இல்லை | இல்லை |
| சீட்டு ஃபார்ம் | விசார்டில் சீக்கிரம் | முடியும், பொறுமை வேண்டும் | நிரல் எழுத வேண்டும் |
| ஒரே நேரத்தில் பலர் | பிரித்து வைத்தால் சிலர் | ஒருவர் | ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் |
| தப்பான தரவைத் தடுத்தல் | நன்று | நன்று | ஸ்ட்ரிக்ட், பிராக்மா இரண்டும் தேவை |
| மின்தடை | கோப்பு பழுதாகலாம் | சேமிக்காத பதிவுகள் போகலாம் | உறுதியானது |
| வெளியே எடுத்துப்போவது | டேபிள் வரும், ஃபார்ம் வராது | டேபிள் வரும், ஃபார்ம் வராது | முழுவதும் எஸ்க்யூஎல் எழுத்தாக வரும் |

## மூன்றுக்கும் பொதுவான தொல்லைகள்

சீட்டு எண்ணாகத் தானியங்கி எண்ணை வைக்காதீர்கள். ஆக்சஸில் ஒரு பதிவைத் தொடங்கி எஸ்கேப் அழுத்தினாலே ஒரு எண் வீணாகும். எஸ்க்யூலைட்டில் நேர்மாறாக, கடைசிப் பதிவை நீக்கினால் அதே எண் அடுத்தவருக்குப் போகக் கூடும். ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் வரிசை எண் கட்டாயம் என்பதால், பில் எண்ணுக்குத் தனிப் புலம் வைத்து அதற்கு யுனிக் நிபந்தனை (ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்பது) கொடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அகரவரிசையைச் சோதித்துப் பாருங்கள். எஸ்க்யூலைட் வழக்கமாக யூனிகோடு எண்படி அடுக்கும். அந்த வரிசையில் ‘ன’ எழுத்து ‘ப’வுக்கு முன்னால் வரும், ‘ற’ எழுத்து ‘ல’வுக்கு முன்னால் வரும். எழுத்து எண்ணிக்கையும் அப்படியே: ‘மணி’யின் நீளத்தைக் கேட்டால் 3 என்று வரும், இகரக் குறி தனியாக எண்ணப்படுவதால். எக்செல்லிலிருந்து சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) வழியாகக் கொண்டுவரும்போது யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஆக்சஸின் இறக்குமதித் திரையில் அட்வான்ஸ்ட் பொத்தானுக்குள் கோட் பேஜில் யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுக்காவிட்டால் பெயர்கள் குப்பையாகும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு மாற்றுவது பலமடங்கு வேலை.

## யாருக்கு எது

கடை, சங்கம், சிறு அலுவலகம், விண்டோஸ் கணினி, நிரல் தெரியாது, அடுத்த மாதம் ஃபார்ம் ஓட வேண்டும் என்றால் ஆக்சஸ். சந்தா ஏற்கெனவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மாணவர், வேலை தேடுபவர், பின்னால் இணையதளமோ செயலியோ எழுத நினைப்பவர் எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பது ஜாயினும் (டேபிள்களை இணைப்பது) குரூப் பையும்தான் (வகைவாரியாகக் கூட்டுவது), ஃபார்ம் விசார்ட் இல்லை.

மேக்கோ லினக்ஸோ வைத்திருந்து ஃபார்மும் தேவைப்படுபவருக்கு பேஸ், ஆனால் மரியாடிபியோடு. உள் எஞ்சினைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சஸைத் தேர்ந்தவர்கள் எஸ்க்யூஎல்லை இழக்க வேண்டியதில்லை. டிசைன் கட்டத்தில் ஒவ்வொரு க்வெரியையும் முடித்ததும் எஸ்க்யூஎல் வியூவுக்கு மாறி, அது எழுதியிருப்பதைப் படியுங்கள். பத்து க்வெரிக்குப் பிறகு, கட்டத்தைத் தொடாமல் நேரடியாக அங்கேயே எழுதிப் பாருங்கள். இரண்டு டேபிளுக்கு மேல் இணைக்கும்போது ஆக்சஸ் கேட்கும் அடைப்புக்குறிகள் முதலில் எரிச்சலூட்டும். எந்த ஜாயின் முதலில் நடக்கிறது என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கின்றன.